செய்ய எதுவும் இல்லை

திருவண்ணாமலையில் ஒரு கிளினிக்குக்கு மருந்துச் சீட்டு அச்சிடும் மென்பொருளை எழுதியிருந்தேன். குழந்தைகளுக்கான அரை மாத்திரை, சீட்டில் ஒன்று என்று விழுந்தது. பிழையைத் திருத்தி, விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் மென்பொருளைத் தொகுத்துத் தரும் கருவியை ஓட்டினேன். 'செய்ய எதுவும் இல்லை' என்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, அதையே கிளினிக்கில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு உன் கிளினிக் சீட்டுல ஒண்ணுனு போட்டிருக்கு. ஜாஸ்தியா தெரியுது. குடுக்கட்டுமா?"

"குடுக்காத."

கிளினிக்குக்கு ஓடிப்போய் அச்சடிப்பதை நிறுத்தினேன். பிறகு பார்த்தால், உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்து, என் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. தேதியை மட்டுமே நம்பும் அந்தக் கருவி, என் திருத்தத்தைப் பழையது என்று ஒதுக்கி, பிழையோடு இருந்த மென்பொருளை அப்படியே விட்டிருக்கிறது.

தங்கச்சி கேட்டாள். கேட்காமல் கொடுத்தவர்கள் உண்டா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.