மயிலையின் மூக்கணாங்கயிறு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸின் ஸ்டேஷனில் வந்திறங்கும் மரக்கட்டைகளை சுரங்கக் கிணறான ஷாப்ட்டின் வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய்ப் போடுவது சம்பங்கியின் பிழைப்பில் பாதி. மீதிப் பாதி, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு துண்டு கேழ்வரகுக் கொல்லை. இரண்டுக்கும் ஒரே ஜோடி மாடுகள்தான். காரி கறுப்பு, முரடு. மயிலை சாம்பல் வெள்ளை. வண்டியில் பாரம் ஏறுகிற சத்தம் கேட்டாலே போதும், யாரும் அதட்டாமல் தானாகவே நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டிவிடும். ஆற்காட்டுப் பக்கம் மழை பொய்த்துப்போய் சம்பங்கியும் அவன் மனைவி மங்கம்மாவும் சுரங்கத்தை நம்பி நடந்து வந்தபோது கூடவே ஒரு பசுவும் நடந்து வந்தது. அந்தப் பசு இங்கே வந்து போட்ட முதல் காளைக்கன்று மயிலை.

சுரங்கக் கூலிகள் குடியிருந்த லைன் வீட்டு ஜனங்களுக்குச் செத்த மாடு என்றால் தோல், எலும்பு, அப்புறம் நாற்றம். காலில் கயிற்றைக் கட்டி மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டால் தோல் வியாபாரி பார்த்துக்கொள்வான், மிச்சத்தைக் கழுகு பார்த்துக்கொள்ளும். கொல்லைக்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. உழுத மாட்டை உழுத மண்ணிலேயே புதைப்பார்கள். புதைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. உடம்புச் சூடு ஆறுவதற்குள் சொந்தக்காரன் தன் கையாலேயே மூக்கணாங்கயிற்றை அறுத்துவிட வேண்டும். கயிற்றோடு சில்லிட்டுப் போன மாடு, போகிற இடத்திலும் எவனுக்கோ கட்டுப்பட்டுத்தான் கிடக்கும் என்பது அவர்கள் எண்ணம். அறுத்துவிட்டால் அதற்கப்புறம் அது யார் மாடும் இல்லை.

முதல் மழை பெய்து பச்சை துளிர்த்திருந்த நாட்கள். மயிலை விடியலில் வயிறு முட்ட மேய்ந்திருந்தது. அதைக் கவனிக்காமல் சம்பங்கி வண்டி பூட்டினான். ஷாப்ட்டுக்குப் போகிற மேட்டில் ஏறும்போது மயிலை முன்னங்கால் மடிந்து விழுந்தது. அவிழ்த்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. இடது பக்கத்து வயிறு தமுக்கு மாதிரி உப்பியிருந்தது. கொஞ்ச நேரம் கால்களை உதைத்தது. பிறகு நாக்கு வெளியே தொங்க அடங்கிவிட்டது.

ஷிப்ட் விட்ட நேரம். இரும்புக் கூண்டான கேஜில் சுரங்கத்திலிருந்து மேலே வந்த ஆட்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வட்டம் கட்டி நின்றார்கள். சம்பங்கி உள்ளங்கையை மூக்கின் முன்னால் வைத்துப் பார்த்தான். காற்று இல்லை. கண்முழியை விரலால் தொட்டான். இமை ஆடவில்லை.

"இன்னா சம்பங்கி, வழில போட்டுக்கினு உக்காந்துகினு கீறே?" என்றார் மேஸ்திரி ராஜப்பா. மரம் இழுக்கிற வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் வேலை கொடுப்பவர். "அடுத்த வண்டி வருது பாரு. இஸ்து ஓரமா போடு. தோல்காரனுக்கு ஆள் அனுப்பிட்டன்."

"தோல்காரன் வேணா மேஸ்திரி. எங்க கொல்லைக்குக் கொண்டும்போறன்."

"கொண்டும்போயி? மாலை போட்டுத் தாரை ஊதப் போறியா?"

கூட்டம் சிரித்தது. சம்பங்கி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. உடம்பு ஆறுவதற்குள் என்ற ஒரே நினைப்பில் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, மயிலையின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, மூக்குக்கு ஓரமாகக் கயிற்றை அறுத்தான். எண்ணெயும் எச்சிலும் ஊறிக் கறுத்துப்போன கயிறு சட்டென்று அறுபடவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கத்தி ஏறி இறங்குவது மட்டும்தான் தெரிந்தது. "ஐயய்யோ, மூக்கை அறுக்கறான்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

கட்டை தூக்குகிற சங்கிலியைக் கொண்டுவந்து மாட்டை வண்டியில் ஏற்றிவிட்டவன் ஏனோக். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் முட்டுமரம் கட்டுகிறவன். சம்பங்கி மேலே கொண்டுவந்து போடுகிற மரங்களை அவன்தான் கீழே நிறுத்துவான். "நீ கண்டுக்காதே அண்ணே," என்றான். "செத்தவங்களைப் பாக்க வரலைன்னா இவனுங்களுக்குச் சோறு எறங்காது."

கொல்லை ஓரத்தில் குழி தோண்டினார்கள். மங்கம்மா மஞ்சள் கரைத்து நெற்றியில் பூசினாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்தது. கயிறு போட்டு மெதுவாக இறக்கப் பார்த்தார்கள். பாதியில் கயிறு நழுவி மயிலை வலது பக்கமாகப் புரண்டு, உப்பிய வயிறு தரையில் மோதத் தொப்பென்று விழுந்தது. வாயிலிருந்து புஸ்ஸென்று காற்றும் பச்சை நுரையும் வந்தன. செத்த உடம்பிலிருந்தும் காற்று வரும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சம்பங்கி குனிந்து முதல் பிடி மண்ணை அள்ளிப் போட்டான். மண் முகத்தில் விழுந்தது.

காது அசைந்தது.

ஈயை விரட்டுகிற மாதிரி ஒரே ஒரு அசைவுதான். சம்பங்கியின் கை அள்ளிய இரண்டாவது பிடியோடு அப்படியே நின்றுவிட்டது. காது மறுபடியும் அசைந்தது. பிறகு குழிக்குள்ளிருந்து, தொழுவத்தில் விடியற்காலையில் கேட்குமே, அதே பெருமூச்சு கேட்டது. வரப்பில் இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். மங்கம்மா மஞ்சள் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏனோக்தான் குழிக்குள் குதித்துக் கரையைச் சரித்து வழி செய்தான். பொழுது சாய்வதற்குள் மயிலை நடுங்கும் கால்களோடு மேலே ஏறி வந்து, நெற்றியில் சாவு மஞ்சளோடு, சம்பங்கியின் தோளை முகர்ந்தது.

சம்பங்கி பின்வாங்கினான். தன் மாட்டைப் பார்த்து அவன் பயந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மங்கம்மா அந்தத் தாய்ப்பசுவின் பால் செம்போடு லைன் வீடுகளுக்குப் போனாள். போன செம்பு நிறைய அப்படியே திரும்பி வந்தது.

"வேணாமாம்," என்றாள் செம்பை வைத்துக்கொண்டே. "உசுரோட பொதைக்கிற வூட்டுப் பாலு வேணாமாம். அந்த லைன் வூட்டு பியாட்ரிஸ் சொல்றா, மாடு துடிக்கத் துடிக்க மூக்கை அறுத்தியாம் நீ. ரத்தம் பீச்சினதை அவ கண்ணால பாத்தாளாம்."

"அவ அங்க வரவே இல்லியே."

"வந்தவங்களே அப்படித்தான் சொல்றாங்க."

நேற்று மரியாதை அதிகம் என்று சிரித்த அதே வாய்கள். ராபர்ட்சன்பேட்டையில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த கடைத்தெரு வரைக்கும் பேச்சு போய்விட்டது. தவிடு வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் அவன் முகத்தைப் பார்க்காமல் அளந்து போட்டார். பிள்ளைகள் மயிலையை 'கேஜ் மாடு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏனோக் வைத்த பேர்தான் அது. "பின்னே இன்னாணே," என்று சிரித்தான் அவன். "கீழே எறங்கினது மேலே வந்துடுச்சு. எங்காளுங்க எல்லாருக்குமா அந்த அதிர்ஷ்டம் கீது?" சிரிப்பு பாதியிலேயே நின்று போனது. ஏனோக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மேஸ்திரி ராஜப்பா கொல்லைக்கே வந்தார். மயிலையைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்.

"தேறிடுச்சே. திங்கக்கிழமை பூட்டு."

"மூக்கணாங்கயிறு அறுத்துட்டேன் மேஸ்திரி."

"கடைல கயிறு இல்லியா?"

"அதில்ல... அறுத்து வுட்டாச்சு. இனிமே அது எனக்குச் சொந்தம் இல்ல."

ராஜப்பா அவனை நின்று பார்த்தார். "அப்போ யாருக்குச் சொந்தம்? எமனுக்கா? யோவ், ஏற்கெனவே ஊரு உன்னைக் காறித் துப்புது. இதையும் சொல்லு, பைத்தியம்னு முடிவே கட்டிடுவாங்க. பாய்லருக்குப் பதிலா கரண்டு வந்துடுச்சு, விறகு வண்டிக்காரனுங்க பாதிப்பேரு வேலை இல்லாம என் வூட்டு வாசல்ல நிக்கறானுங்க. திங்கக்கிழமை ஜோடி வரலன்னா வேற ஜோடிக்குக் குடுத்துடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மங்கம்மா பிடித்துக்கொண்டாள். "உசுரோட கீற மாட்டுக்கு இன்னா சாவு சடங்கு? தப்பு நடந்துபோச்சு. நடந்ததை மாத்திக்கணும். ஒத்தைக் காரிய வெச்சுக்கினு கொல்லையை உழுவியா, வண்டி ஓட்டுவியா?"

அவள் சொல்வது நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. புதுக் கயிறு வாங்கி வந்து எண்ணெயில் ஊறவும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், முக்காடு போட்ட ஒரு பெண் வரப்போடு நடந்து வந்தாள். மரியகுழந்தை. அவள் புருஷன் சகாயத்தைச் சம்பங்கிக்கும் தெரியும். ஒரு வருஷத்துக்கு முன் கீழே ஒரு லெவலில், சுரங்கத்தின் ஒரு தட்டில், பாறை சரிந்தபோது உள்ளே மாட்டிக்கொண்டவன். சரிவு நிற்கவே இல்லை. ஆளை எடுக்க வழியில்லாமல் அந்த லெவலையே சுவர் கட்டி மூடினார்கள். அடக்கத்துக்கு வெறும் பெட்டிதான் போனது.

அவளும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று மங்கம்மா எழுந்து நின்றாள். மரியகுழந்தை அவர்கள் இருவரையும் தாண்டிப் போய் மயிலையின் முன்னால் நின்றாள். கையை நீட்டிக் காதைத் தொட்டாள். மயிலை காதை உதறியது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம் கழிச்சுண்ணா மூச்சு வந்துச்சு?"

"குழி வெட்டி முடியற வரைக்கும் இல்லம்மா."

"நீங்க நல்லா பாத்தீங்களா? மூக்குல கை வெச்சு?"

"வெச்சுப் பாத்தேன். கண்ணைத் தொட்டும் பாத்தேன்."

"தொட்டுப் பாத்துமே தெரியலியா?" அவள் குரலில் கோபம் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுத் தீர்க்கிற அவசரம் மட்டும்தான் இருந்தது. "அவுங்க தொட்டுக்கூடப் பாக்கலியே அண்ணா. சத்தம் கேக்கல, சத்தம் கேக்கலன்னு சொல்லிட்டுச் சுவரு கட்டிட்டாங்க. இதுவும் சத்தம் போடலதானே? குழிக்குள்ள?"

சம்பங்கிக்குக் காதுக்குள் இரைந்தது. கேழ்வரகுக் கொல்லைக்கு அடியில், தான் உழுகிற மண்ணுக்கு வெகு கீழே, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது அசைவது போல அவனுக்குப் பட்டது. மங்கம்மாதான் அவளை அணைத்து உட்காரவைத்து மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, வந்த வழியே அவள் போனாள்.

திங்கட்கிழமை காலையில் ஏனோக் உதவிக்கு வந்தான். மயிலையின் தலையை அவன் அணைத்துப் பிடித்துக்கொள்ள, சம்பங்கி ஊறிய கயிற்றை எடுத்தான். மூக்குத் துளை இன்னும் தூரவில்லை. கயிற்று நுனியை அதன் பக்கம் கொண்டுபோனான். எண்ணெய் வாடை பட்டதும் மயிலை ஒரு காலை முன்னால் வைத்து, எத்தனையோ காலம் செய்த மாதிரி, தானாகவே கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

தன் முகத்தில் மண்ணைப் போட்டவன் இவன்தான் என்பது அதற்குத் தெரியாது. அல்லது தெரிந்தும் நீட்டுகிறது. எது என்று சம்பங்கியால் முடிவு கட்ட முடியவில்லை.

கயிற்றைக் கீழே போட்டான்.

"அண்ணே?" என்றான் ஏனோக்.

"உன் கூட கீழே வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னியே. என்னை இட்டுக்கினு போ."

"நீயா? கெணத்துல எறங்கவே யோசிப்பியே."

"இட்டுக்கினு போன்னா."

மங்கம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து கயிற்றை எடுத்து, உதறி, கூரை இறவாணத்தில் செருகினாள்.

கொல்லைக்காரன் சம்பங்கி முட்டுமரக்கார சம்பங்கியானது அப்படித்தான். காரியை விற்றார்கள். கொல்லையைப் பாதி விளைச்சலுக்கு வேறொருவரிடம் உழ விட்டார்கள். முதல் நாள் கேஜ் கீழே விழுகிற வேகத்தில் அவன் ஏனோக்கின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மூடிய சுவர்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் நடை தானாகவே நிற்கும். மற்றவர்கள் கேலி செய்தாலும் ஒரு நிமிஷம் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்வான். மேலே, மயிலை கயிறில்லாத மூக்கோடு வரப்பில் திரிந்தது. "சோம்பேறி மாட்டுக்குச் சம்பாதிச்சுப் போடறான் பாரு" என்பது ஊர்ப் பேச்சில் புதிதாகச் சேர்ந்தது. பால் மட்டும் மெல்ல மெல்ல மறுபடியும் விற்றது. முதலில் வாங்கியவள் மரியகுழந்தை.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது மயிலை வேப்பமரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்தது. மங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஆனாலும் அவன் நம்பவில்லை. மூக்கில் கை வைத்தான். கண்ணைத் தொட்டான். விலாவில் காதை வைத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

உடம்பு ஆறியது. விறைத்தது. அடுத்த நாள் ஈ மொய்க்கத் தொடங்கியது. குழி தயாராகத்தான் இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்பதைத் தவிர அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. லைன் பக்கத்திலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். "அன்னிக்கு உசுரோட பொதைச்சான், இன்னிக்குப் பொணத்தை நாறவுடறான்! செத்த ஜீவனுக்கு ஒரு மரியாதை வேணாவா?" என்று மேஸ்திரி ராஜப்பாவே கத்தினார். ஏனோக் தோளைத் தொட்டுப் பார்த்தான். சம்பங்கி அசையவில்லை.

மங்கம்மா போய் மரியகுழந்தையை அழைத்து வந்தாள். அவள் நாற்றத்துக்கு முக்காட்டை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்து மயிலையின் காதைப் பிடித்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"போயிடுச்சு அண்ணா," என்றாள்.

"உனக்கு நல்லா தெரியுமா?"

"தெரியும். நான் தொட்டுப் பாத்துட்டேன்."

அவள் சொன்ன பிறகுதான் அவன் எழுந்தான். பழக்கத்தில் கை இடுப்புக் கத்திக்குப் போனது. கத்தியை எடுத்துவிட்டுத்தான் பார்த்தான். அறுக்க அங்கே கயிறு இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியோடு நின்றான். குழியில் இறக்கிய பிறகும் அவன் கையால் மண் அள்ள முடியவில்லை.

முதல் பிடியை மரியகுழந்தை போட்டாள். முகத்தின் மேல் போடாமல் குனிந்து, கைக்கெட்டியவரை இறக்கி, காலடியில் மெதுவாகப் போட்டாள். எல்லோரும் மயிலையின் காதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.