ஒரு பிடி கொழுந்து

வேலாயியின் வாயில் மண்ணைப் போட்டது நாங்கள்தான். எங்களை வேலை வாங்கும் கண்டாக்குமேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு வாய் கூசுகிறது.

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். நாளுக்குப் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுக்கவேண்டும். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். நிறுக்குமுன் எவளுக்காவது குறைந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி அள்ளிப் போடுவோம். நான் வயிற்றுப் பிள்ளையோடு மலையேறிய நாளெல்லாம் வேலாயி போட்டாள்.

"ஒனக்கில்லடி நாகு, உள்ள இருக்கிற புள்ளைக்கு" என்பாள்.

பிறகு கண்டாக்கு எலும்புத்துண்டை வீசினான்.

"மூணு மாசத்துல யாரு கூடுதலா எடுக்கிறாங்களோ, அவங்க மகளுக்குப் புள்ளக்காம்பராவுல வேல. ஒருநாள்கூட அரைப்பேரு விழக்கூடாது."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மழையில்லை, அட்டைக்கடியில்லை. வேலாயிக்கு ஒரே மகள் பிரேமினி. அன்றிலிருந்து பேய் பிடித்தவள்போல் முப்பத்திரண்டு கிலோ எடுத்தாள். யாருக்கும் பிடி போடவில்லை.

"வேலாயிக்கு முடியுதுன்னா ஒங்களுக்கு என்ன கேடு?" என்று கண்டாக்கு இரண்டாம் மாதமே எல்லோருக்கும் இருபத்திரண்டாக்கினான். பாதிப் பேருக்கு அரைப்பேர் விழுந்தது. அவனை ஏச எவளுக்குத் துணிச்சல்? வேலாயியை ஏசினோம். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவள் குடத்தை எட்டி உதைத்தது நான்தான்.

மூன்று மாதத்தின் கடைசி நாள் அவளுக்குக் காய்ச்சல். இருபது கிலோதான் தேறியது. அன்று எங்கள் பைகளில் கொழுந்து மிச்சமிருந்தது. ஆளுக்கொரு பிடி போட்டிருந்தால் போதும்.

"நாகு, ஒரு பிடி போடுடி. எம் மகளுக்காக."

பைவாயை இறுக்கிக் கட்டினேன். என்னைப் பார்த்து எல்லோரும் கட்டினார்கள். வேலை கண்டாக்கின் மச்சினிக்குப் போனது. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

வேலாயி அந்தக் காய்ச்சலிலிருந்து எழும்பவில்லை. எட்டாம் நாள் புதைத்தோம். இருபத்திரண்டு மட்டும் இறங்கவேயில்லை. பிரேமினி தாயின் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

நேற்று எனக்குக் கையளவு குறைந்தது. பக்கத்தில் அவள்தான் நின்றாள்.

"கண்ணு, ஒரு பிடி..."

"அம்மா ஒங்ககிட்ட எத்தன பிடி கேட்டாங்க அத்தே?"

கேட்டபடியே பையைக் கட்டினாள். எனக்கு அரைப்பேர் எழுதிவிட்டு, அவள் பையை நிறுத்துப் பார்த்த கண்டாக்கு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"முப்பத்தாறு! ஆத்தாள மிஞ்சிட்டாளே. அடுத்த மாசம் எல்லாருக்கும் இருபத்தஞ்சு."