ஷஃபில்பாட்டம் என்றொரு பெயர்

இங்கிலாந்தின் லங்காஷயரில், பெரி நகரத்துப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஹில்டா ஷஃபில்பாட்டத்துக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தொல்லை பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை என்று. மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டதும் தறிக்கூடமே சிரித்தது. பாட்டம் என்றால் பின்புறம். ஷஃபில் என்றால் இழுத்து இழுத்து நடப்பது.

"எங்க, கொஞ்சம் ஆட்டி நடந்து காட்டுடி!" என்றாள் ஒருத்தி.

"டிக்கெட் வாங்கிட்டு வா, காட்டுறேன்" என்றாள் ஹில்டா.

அவள் தம்பி கிளிஃபோர்டுக்கு அந்த வாய் கிடையாது. லண்டனில் வங்கி வேலை கிடைத்ததும் வக்கீலைப் பார்த்து ஷெல்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டான். அது ஹில்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

1936இல் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போன பிறகு கிளிஃபோர்ட் மெல்ல ஆரம்பித்தான்.

"கல்லறைக் கல்லுல ஆல்பர்ட்னு மட்டும் போட்டா போதாதா? என் பொண்டாட்டி மியூரியல் ஒருநாள் வந்து பார்ப்பா, அவளுக்கு அந்தப் பேரே தெரியாது."

"அறுபத்தெட்டு வருஷம் அந்தப் பேரோட இருந்த மனுஷன்டா. செத்ததும் பிடுங்குறியா?"

"உனக்கென்ன, கல்யாணம் ஆனா போயிடும். நான்தானே சாகுற வரைக்கும் சுமக்கணும்."

ஹில்டா கல் வெட்டுகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

இந்தப் பெயரை யார் தங்கள் தலையில் கட்டினார்கள் என்று பார்க்க, நான்கு சனிக்கிழமைகள் தேவாலயப் பதிவேடுகளோடு உட்கார்ந்தாள். தாத்தா ஷஃபில்பாட்டம். அவருடைய தாத்தா ஷஃபில்பாதம். இன்னும் பின்னால் போனால் ஷிப்பர்பாட்டம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெருக்கல் குறிகள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னதை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். மிச்சத்தை நூலகத்தில் இருந்த ஊர்ப்பெயர்ப் புத்தகம் சொன்னது: ஆடுகளைக் கழுவும் ஊற்று இருந்த பள்ளம். பாட்டம் என்றால் பழைய பேச்சில் பள்ளம்; அந்தப் பள்ளத்து ஆட்கள், அவ்வளவுதான்.

தம்பியின் வாயை அடைக்க ஆதாரம் தேடித்தான் போயிருந்தாள். கிடைத்ததோ, ஒரே எழுத்தில் நிலைக்காத பெயர். அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அன்று மாலையே கடிதம் எழுதினாள்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் மாத்திக்கிட்டேதான் வந்திருக்காங்க. நீயும் மாத்திட்ட, தப்பில்ல. ஆனா அப்பா இந்த எழுத்துலதான் கையெழுத்துப் போட்டார். கல்லுல அதுதான் வரும்."

பதிலே வரவில்லை. ஈஸ்டருக்கு அவனே மனைவியோடு வந்து நின்றான். மியூரியல் கல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாரு இது?" என்றாள்.

"எங்கப்பா. ஆல்பர்ட் ஷஃபில்பாட்டம்" என்றான் கிளிஃபோர்ட்.

"அட கிளிஃப், இதையா மறைச்சே? உங்க வீட்டுல யாரோ ஜெயில்ல இருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்!"

மதியம் மூவரும் அந்தப் பள்ளத்தைத் தேடிப் போனார்கள். ஊற்று எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஈரப் புல்லில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டார்கள். கிளிஃபோர்ட் கடைசிவரை ஷெல்டனாகவே இருந்தான். ஹில்டா அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை.