லூர்துமேரி திருப்பித் தந்த சாக்கு

ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைப்பேசி அடித்தது. லூர்துமேரியின் மகள் ஜெனிட்டா. "மாமா, அம்மா போயிட்டாங்க. விடியக்காலையில." நானும் ஏதோ சொல்லி வைத்தேன். உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். என் மனத்தில் முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. இனி அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்ற கேவலமான நிம்மதி. துக்கம் வர அரை மணி நேரம் ஆயிற்று.

மதியத்துக்குள் கடைவீதியின் இரண்டு முனையிலும் ஆளுயர ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி, வர்த்தகர் சங்கம்.' ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று மூன்று வருடம் எங்களிடம் தொண்டை வறளக் கத்தியவருக்கு ஃபிளெக்ஸ். "கட்டுறது ஒரு நாளைக்குண்ணே, கெடக்குறது ஒங்க பேரப்புள்ளை காலம் வரைக்கும்" என்பார். அந்தப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் குப்பைத் திட்டத் தொடக்க விழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. அதில் அவர் கையில் இருந்த குப்பைத்தொட்டியை அழித்துவிட்டு, ரோஜாப்பூ ஒன்றை வைத்திருந்தார்கள்.

அவரைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். லூர்துமேரி ஆவூர்ப் பக்கம் பிறந்தவர். திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பதினைந்து வருடம் வேலை பார்த்தார். கணவர் இறந்தபின் மகளோடு எங்கள் ஊருக்கு வந்து, ஊரணிக்குப் பின்னால் உள்ள தெருவில் குடியேறினார். ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேரும் பள்ளம் அந்தத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து கல்லெறி தூரம். கடைகள் எல்லாம் சேர்ந்து குப்பைக்கு ஒரு திட்டம் போட்டாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, அந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் சங்கம் முழித்தது. அவராகவே வந்து கேட்டார். நான் சங்கச் செயலாளர், அன்றும் இன்றும். ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன்.

முதல் நாள் என் கடைக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. கொல்லைப்பக்கம் போய், ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என் குப்பைச் சாக்கைத் தரையில் கொட்டினார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க என்ன விக்கிறீங்கன்னு பாக்க வரலண்ணே. என்ன தூக்கிப் போடுறீங்கன்னு பாக்க வந்தேன்" என்றார். சட்டைக் காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டை, குண்டூசி, பாலித்தீன் உறை, அட்டை என்று தனித்தனியாகக் குவித்தார். இப்படியே கடைவீதி முழுக்க மூன்று வாரம். கடைசியில் ஒரு நாற்பது பக்க நோட்டில் திட்டம் தயார். அட்டையும் உறையும் பழைய பேப்பர்க்காரருக்கு. காய்கறிக் கழிவும் வாழை இலையும் ஆலங்குடித் தென்னந்தோப்புகளுக்கு. கட்டுமாவடியிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகள், வந்த வேனிலேயே திரும்பிப் போக வேண்டும். எல்லாம் போக, பள்ளத்துக்குப் போவது கடைக்கு ஒரு சின்னப் பைதான். அந்த நோட்டில் கடினமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒருவேளை அதனால்தான் நாங்கள் அதை மதிக்கவில்லை.

சங்கம் கடைக்கு மூன்று தொட்டி வாங்கிக் கொடுத்தது. பச்சை, நீலம், சிவப்பு. மூடியோடு, பளபளவென்று. விழா முடிந்து பத்து நாள் கழித்து அவர் ஒரு சுற்று வந்து பார்த்தால், மளிகைக்கடையில் பச்சைத் தொட்டி நிறைய துவரம்பருப்பு. மிட்டாய்க்கடையில் காராபூந்தி. பாத்திரக்கடையில் மூன்றும் விலை ஒட்டி விற்பனைக்கே நின்றன. என் கடையில் நீலத் தொட்டிக்குள் துணி ரோல்களை நிறுத்தி வைத்திருந்தேன். அவ்வளவு கச்சிதமாக நின்றன. நாங்கள் குப்பையை வழக்கம்போல வாசலோரம் தள்ளிக்கொண்டிருந்தோம். லூர்துமேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தப்பு எம்மேலதாண்ணே. நல்ல பொருளக் குடுத்தா நம்மாளு குப்பைக்குக் குடுப்பாரா? ஓட்டச் சாக்கு குடுத்திருக்கணும்." மறுவாரமே கடைக்கு மூன்று கிழிந்த சாக்குகள் வந்தன, ஒவ்வொன்றிலும் கடைப் பெயர் எழுதி. அதை யாரும் எதற்கும் எடுக்கவில்லை. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகுதான் அவரை எங்களுக்குப் பிடிக்காமல் போயிற்று. பிரிக்காமல் போட்ட சாக்கு மறுநாள் காலை அதே கடை வாசலுக்குத் திரும்பி வரும். மேலே குத்தியிருக்கும் சீட்டில், என்ன தவறு என்று இரண்டு வரி. போணி ஆகும் நேரத்தில் வாசலில் குப்பைச் சாக்கு என்று கடைக்காரர்கள் கொதித்தார்கள். 'குப்பைக்காரி' என்று காதில் விழும்படியே பேசினார்கள். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "குப்பையில கை வச்சவ குப்பைக்காரின்னா, போட்டவுகளுக்கு என்ன பேருண்ணே?" நான் வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கும் ஒரு சாக்கு வந்தது. சீட்டில் 'பேப்பர் கப் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது. என் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணாடி கிளாஸில் டீ கொடுப்போம். முந்தின நாள் அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுத்திருந்தோம். யாரும் சொல்லிச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. அதன்பின் அவருக்கும் கிளாஸ்தான். சாக்குகளையும் ஒழுங்காகப் பிரித்தேன். கடைவீதியிலேயே ஒழுங்கான கடை என்னுடையது என்ற திமிரும் கூடவே வளர்ந்தது.

திருப்பி வரும் சாக்குகளுக்கு எங்கள் சங்கத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாலையில், லூர்துமேரி வருவதற்கு முன்பே, ஒரு டிராக்டர் வந்து எல்லாக் கடைச் சாக்குகளையும் ஒன்றாக வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டிவிடும். பிரித்ததும் பிரிக்காததும் ஒரே குவியல். நான் எதிர்க்கவில்லை. கோடையில் அந்தக் குவியல் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்தது.

திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்த சாயங்காலம், லூர்துமேரி கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "நாளைக்கு ஒங்களத்தான் கேப்பாங்க. நான் சொன்னா அது புகாரு. நீங்க சொன்னா அது தகவலு. டிராக்டர் விசயத்த ஒரே ஒரு தடவ உள்ளபடி சொல்லிருங்கண்ணே. டிராக்டர் நின்னா எங்க தெருவுல பொகையும் நிக்கும். ஜெனிட்டாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல்." நான் "பார்க்கலாம் மேரி" என்றேன். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இருந்தும் அவர் அதை நம்பிப் போனார்.

மறுநாள் அதிகாரி கேட்டார்: "செயலாளர், எல்லாம் பிரிச்சுதான் போகுதா?" பக்கத்தில் தலைவர். மேசையில் எங்களுக்குத் தர வைத்திருந்த கேடயம். கதவோரம் லூர்துமேரி. "நூத்துக்கு நூறு சார்" என்றேன். கைதட்டினார்கள். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். அதோடு வேலையையும் விட்டார்.

போன மாதம் அவர் படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டுப் போனேன். பாலித்தீன் பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பழங்களை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, "பையை நீங்களே கொண்டு போயிருங்கண்ணே. அங்கிட்டு போட்டாலும் இங்கிட்டுதான் வரும்" என்றார். அதில் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்கு நான் அவருக்கு யாருமில்லை என்று ஆகியிருந்தது. புகையால்தான் அவர் இறந்தார் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானும் எழுதவில்லை. அவர் சுவாசித்த புகை எங்கள் கடைகளுடையது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டம் நன்றாக நடந்தது. பாலித்தீன் சுற்றிய மலர்வளையங்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பேப்பர் கப்பில் காபி. ஜெனிட்டா ஓரமாக நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காபியை வேண்டாம் என்றுவிட்டாள். மறுநாள் அதிகாலை டிராக்டர் வந்து மலர்வளையங்களையும் அந்த இரண்டு ஃபிளெக்ஸ்களையும் வாரிக்கொண்டு அவர் தெருப் பக்கம் போனது.

கடைவீதி நண்பர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சாக்குதான். நான் பொய் சொன்னதற்கு மறுநாள் காலை என் வாசலில் இருந்தது. வேலையை விட்டவர், அன்று டிராக்டருக்கும் முன்பே வந்து அதை எடுத்து ஓரமாக வைத்திருக்க வேண்டும். என்ன தப்பு செய்தோம் என்று கொட்டிக் கிளறிப் பார்த்தேன். அட்டை அட்டையாக, உறை உறையாக, எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் சீட்டைப் படித்தேன். 'அண்ணே, உங்க சாக்கு சரியா இருக்கு. டிராக்டர்ல ஏறினா எல்லாம் ஒண்ணுதான். நீங்களே வச்சுக்குங்க.'

வைத்திருக்கிறேன். எங்கே போடுவதென்று தெரியாமல் குடோனிலேயே கிடக்கிறது. அடுத்த வாரம் அதிகாரி மறுபடி வருகிறாராம். போன தடவை சொன்ன மாதிரியே சொல்லிவிடும்படி தலைவர் போனில் சொன்னார். தலைவரே, அந்தச் சாக்கை அப்படியே தூக்கிவந்து கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிராக்டர் விஷயத்தைச் சொல்லப்போகிறேன். ஜெனிட்டாவின் இருமல் அதனால் குறையலாம். கேட்டது அவள் அம்மா. கேட்ட அன்று நான் சொல்லவில்லை.