ஆஷ்ட்ரே மூடியில் ஓர் ஆடு

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பட்டறைக்கு ஓர் அமெரிக்கக் கார் வந்தது. அது ஏன் எங்களைத் தேடி வந்தது என்பதிலேயே என் குழப்பம் தொடங்கிவிட்டது. அப்பா ரிக் மெக்கானிக். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடப் புறப்படும் ரிக் லாரிகளோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். காருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஸ்பானரில் இருந்தது. அமெரிக்கக் காரின் போல்ட்டெல்லாம் இஞ்சுக் கணக்கு. சேலத்துக் கார் மெக்கானிக்குகளிடம் இருந்ததோ மில்லிமீட்டர் ஸ்பானர். ரிக் கம்ப்ரசருக்காக அப்பா ஒரு பெட்டி நிறைய இஞ்சு ஸ்பானர் வைத்திருந்தார். யாரோ சொல்லி, சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு டாக்டரம்மா காரை லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

அவ்வளவு நீளமான காரை நான் கண்டதில்லை. கொட்டகைக்குள் தள்ளிய பிறகும் வால் வெளியே நின்றது. சீட் சோபாவைப்போல இருந்தது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி தானாக ஏறி இறங்குமாம். அப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்டீயரிங் இடது பக்கம். லாரியில் கிளீனர் உட்காரும் இடத்தில் டிரைவர் உட்கார்ந்தால் கிளீனர் எங்கே போவான் என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

டாக்டரம்மா வரும்போதெல்லாம் சொன்ன வார்த்தை ஒரிஜினல். அது இரும்பா, பெயின்ட்டா என்று எனக்கு வெகுநாள் தெரியாது. பழைய சாமானைக் கழற்றி எறிந்தே பழகிய அப்பா, துருப்பிடித்த வாஷரைக்கூடத் துடைத்து டப்பாவில் போட்டுவைத்தார். நாமக்கல்லிலிருந்து வந்த லாரி பெயின்டர், கைப்பழக்கத்தில் காரின் பின்புறம் 'ஒலி எழுப்புக' என்று எழுதப் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். டாக்டரம்மா பார்ப்பதற்குள் அப்பா பாய்ந்து அழித்தார்.

அம்மாவுக்கு இந்தக் கார் கிட்டத்தட்டக் குலதெய்வம். இது நல்லபடியாக ஓடிவிட்டால் இதைப்போல நாலு பழைய கார் வரும், அப்பா ரிக்கோடு ஊர் ஊராக அலைய வேண்டாம், வீட்டில் இருப்பார். சாமி கும்பிடும்போது என்னையும் அதையே வேண்டச் சொன்னார்.

ஒருநாள் டாக்டரம்மா வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னையும் கூப்பிட்டார். வேலையிலிருந்து ஓய்வுபெற்று வெகுகாலம் ஆனவர், தும்பைப்பூத் தலை. முன்சீட்டின் முதுகில் பளபளப்பு மங்கிய ஓர் ஆஷ்ட்ரே பதித்திருந்தது. அதன் மூடியில் ஐந்து காலோடு ஏதோ ஒரு பிராணியைக் கீறியிருந்தது.

"இது என்னன்னு சொல்லு பாப்பா."

ஆடு என்றேன். ஐந்தாவது கால் இடித்தது, இருந்தாலும் ஆடுதான்.

"அப்படிச் சொல்லு. சின்னப் பிள்ளைல இந்தக் கார்ல ஏற்காடு போனப்ப ஒரு கல்லைப் பொறுக்கி, அதை வச்சு என் தம்பி கீறினது. குதிரைன்னான். நான் ஆடுன்னேன். கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லை."

அவங்க இப்ப எங்கே என்று கேட்டேன்.

"அவன் போயிட்டான் சாமி. ரொம்ப வருசமாச்சு."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் ஊர் இன்ஜினியரிங் காலேஜில் படித்த அண்ணன்களெல்லாம் அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலம். கார் அமெரிக்காவிலிருந்து வந்தது, தம்பி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். கணக்கு நேராக இருந்தது. அந்த ஆட்டைப் பற்றி டாக்டரம்மா அப்பாவிடம் மூச்சுவிடவில்லை. அத்தனை வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

பிறகு முலாம் பூசுவதற்காகப் பம்பர், விளக்கு வளையம், கைப்பிடி எல்லாவற்றையும் சேலத்துக்கு அனுப்பினார்கள். பளபளப்பான சாமான் எதுவும் விடுபடாமல் சாக்கில் போடு என்று அப்பா என்னிடம் சொன்னார். நான் விடுவேனா? ஆஷ்ட்ரே மூடியைப் பிடித்து இழுத்தேன். திருகாணி எதுவும் இல்லை, கையோடு வந்துவிட்டது. சாக்கில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து எல்லாம் நியூஸ் பேப்பரில் சுற்றி வந்தன. மூடியைப் பிரித்துப் பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது. ஆடு இல்லை. பூசுவதற்கு முன் தேய்த்து வழித்துவிடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்து பின்சீட்டில் ஏறி, எங்கே என் குதிரை என்று கேட்டால் டாக்டரம்மா என்ன சொல்வார்? அவர் ஜெயிக்க வேண்டிய சண்டையை அல்லவா நான் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டேன்?

ஊக்கால் கீறிப் பார்த்தேன், வழுக்கியது. ரிக்கில் பாறையைத் துளைக்கும் பிட்டின் முனையிலிருந்து உடைந்த, பட்டன் என்கிற உருண்டைத் துண்டு ஒன்று பட்டறையில் கிடந்தது. பாறையையே தின்கிற சாமான், முலாம் எம்மாத்திரம்? ஆட்டின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதில் தடுமாறினேன். எல்லாமே இடது வலது மாறிக் கிடக்கும் காரில் எதை நம்புவது? ஐந்து காலையும் எண்ணிப் போட்டேன். பார்த்தவுடன் ஆடு என்று தெரியட்டும் என்று இரண்டு கொம்பும் வைத்து, மூடியைப் பழைய இடத்தில் அழுத்தி மாட்டினேன்.

மறுநாள் காலை, காரை ஒப்படைக்கும் நேரத்தில் அப்பா அதைப் பார்த்துவிட்டார். அதுவரை என்னை அடித்தறியாதவர், முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். ஏன் கீறினாய் என்று கேட்டார். ஆடு காணாமல் போய்விட்டது என்று அழுதேன். யாருடைய ஆடு என்று அம்மா திகைத்துப்போனார். அதற்குள் டாக்டரம்மாவின் ஆட்டோ வந்து நின்றது.

அப்பா கும்பிட்டபடி போய் நின்றார்.

"தப்பு நடந்துபோச்சுங்கம்மா. பாப்பா புது முலாம்ல கீறிப்புட்டா. திரும்பக் குடுத்துப் பூசித் தந்துடறனுங்க."

டாக்டரம்மா பின்சீட்டில் ஏறினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மூடியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். விரலால் ஒவ்வொரு காலாகத் தடவினார். கொம்புக்கு வந்ததும் விரல் நின்றது. அம்மா என் தோளை இறுகப் பிடித்திருந்தார்.

"இது பழைய கீறலுங்க. நாங்க சின்னதா இருக்கறப்பவே இருந்துது. பாப்பாவ எதுக்கு அடிச்சீங்க? காரு அப்படியே ஒரிஜினலா இருக்குது."

அப்பா என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார். எனக்கோ தலையே சுற்றியது. நேற்றுச் சாயங்காலம் நான் கீறியது எப்படிப் பழசாகும்? அவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவர் குனிந்து என் காதில் கேட்டார்.

"கொம்பு முந்தி இல்லையே சாமி?"

"ஆடுன்னு தெரியறதுக்குங்க. அவங்க வந்தாக் காட்டுங்க. இனி ஒத்துக்குவாங்க."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார்.

"அவன் எங்க வாரான்? நானே போய்ச் சொல்லிக்கறேன்."

கார் ஒரே சாவியில் கிளம்பியது. இடது பக்கம் அப்பா ஓட்ட, டாக்டரம்மா பின்சீட்டில் உட்கார்ந்து சேலம் போனார். அடி வாங்கிய முதுகு வலித்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வேண்டியது பலித்தது. அந்த வருஷமே இன்னும் இரண்டு கார் வந்தது, அப்பா வடக்கே போகவில்லை.

மறுவருஷம் அரைப்பரீட்சை சமயத்தில் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. கேட்டுவிட்டு அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "டாக்டரம்மா போயிட்டாங்களாமா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போகிறேன் என்று சொன்னவர் போயிருக்கிறார், இதற்கு அழுவார்களா? தம்பி ஒத்துக்கொண்டாரா என்பதுதான் என் கவலை.

காரையும் கொண்டுபோய்விட்டாரா என்று கேட்டேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கார் அஸ்தம்பட்டியிலேயேதான் நிற்கிறது என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வெறுங்கையோடு போய் எதைக் காட்டுவார்? மூடியையாவது கழற்றிக் கொடுத்தனுப்ப ஒருத்தருக்கும் தோன்றவில்லையே. திருகாணிகூட இல்லாத மூடி. இழுத்தால் கையோடு வந்துவிடும்.