தலைக்கு மேலே பெய்யாத மழை

எண்பதுகளின் தொடக்கத்தில், காவலூருக்கு அப்பால் ஒரு மேட்டில், மழையைத் தேடும் சோதனை ரேடார் ஒன்றை நிறுவினோம். பதினாறு சிறிய ஆண்டெனாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெட்டி. எதிரொலியை அங்கேயே எண்களாக மாற்றிவிடும். பதினாறையும் சேர்த்துக் கூட்டினால்தான் மழை எந்தத் திசையில் என்று தெரியும். மேலே மின்சாரத்தை நம்ப முடியாததால், கூட்டும் கணிப்பொறி கீழே ஒடுகத்தூரில் என் பொறுப்பில் இருந்தது. நடுவே ஒரே ஒரு தொலைபேசிக் கம்பி. ஒருமுறை பிடித்ததை அனுப்பி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிடும்.

மேலே பெட்டிகளைக் கவனித்த பொறியாளர் ஒடுகத்தூர்க்காரர். என்னைவிட இரண்டு வயது இளைய பெண்.

"எல்லா எண்ணையும் ஏங்க முழுசா அனுப்பணும்?" என்று ஒருநாள் கேட்டார். ஒரே நேரத்தில் வரும் எண்கள் ஏறத்தாழ ஒரே பருமனில் இருக்கும். அந்தப் பருமனை ஒருமுறை சொல்லிவிட்டு, எண்ணுக்குப் பன்னிரண்டு பிட்டுக்குப் பதில் நான்கு மட்டும் அனுப்பலாம் என்றார்.

"மெல்லிய எதிரொலியெல்லாம் போயிடுமே" என்றேன்.

"சுருக்கறப்ப பதினாறும் பதினாறு விதமா தப்பு பண்ணுதுங்க. கூட்டும்போது ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும்."

நான் நம்பவில்லை. பழைய பதிவுகளை வைத்து மூன்று வாரம் கையாலேயே கணக்குப் போட்டு, நோட்டை என் முன் வைத்தார். ஒரு சோதனைக்கு அரைமனதோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் சோதனையில் அரை மணியில் எல்லாம் வந்து சேர்ந்தது. ஆனால் வரைதாளில், மேட்டுக்கு நேர் உச்சியில் கனத்த மழை. அடுத்த தரவு வந்துகொண்டிருந்தது; அதை நிறுத்தினால்தான் அந்தக் கம்பியில் பேச முடியும். நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

"அங்க நல்ல மழையா?"

"இன்னா சொல்றீங்க? காலையிலேர்ந்து வெயிலு. பக்கத்துல சாமை காயப் போட்டுக்கினு இருக்காங்க."

என் சந்தேகம் பலித்ததில் உள்ளூரச் சின்ன மகிழ்ச்சி இருந்தது. மறுநாள் பஸ் பிடித்து இறங்கி வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"தப்பு என்னுதுங்க. கையால போட்டப்ப, மீதி பாதிக்கு மேல இருந்தா அடுத்த எண்ணுக்கு ஏத்தினேன். பெட்டியில மீதிய வெறுமனே வெட்டிட்டேன். பதினாறும் ஒரே தப்ப பண்ணா அது கரையாது, சேந்துக்கும்."

நேர் மேலிருந்து திரும்பும் எதிரொலிதான் பதினாறு ஆண்டெனாக்களையும் ஒன்றுபோலத் தொடும். ஒன்றுபோன்ற பிழையும் அந்த வேஷத்தில் வந்து உச்சியில் நின்றிருக்கிறது. யாரும் கேட்கும் முன்பே அதைத் தானே கண்டுபிடித்திருந்தார். என் மகிழ்ச்சியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டிகளில் நிரல் இருந்த சில்லுகளை அழித்துத் திரும்ப எழுத நான்கு நாளாயிற்று. உச்சி வெறுமையானது. அடுத்த வாரம் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இறங்கிய மழையை, அது பெய்துகொண்டிருக்கும்போதே ஒடுகத்தூரில் உட்கார்ந்து பார்த்தோம்.

அறிக்கை எழுதும்போது, இல்லாத மழையைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிடலாம் என்றேன், அவர் நன்மைக்காகத்தான்.

"இருக்கட்டுங்க. வேற யாராவது இதையே பண்ணப் போறாங்க" என்றார்.

அந்தப் பக்கத்தை அவரே தட்டச்சு செய்தார். பிழை யாருடையது என்பதையும் எழுதியிருந்தார்.