ஹேர்பின்னில் மிச்சமிருந்தவர்

ஏற்காட்டின் ஒரே ராக் இசைக்குழுவுக்கு ‘ஹேர்பின்’ என்று பெயர். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து வைத்த பெயர். கடைவீதி அதை ‘ஏர்பின்னு’ ஆக்கி, வளையலும் ரிப்பனும் விற்பவர்களைப் போலச் செய்துவிட்டது. குழு தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். பாடகர்கள் மாறினார்கள், டிரம்மர்கள் மாறினார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் ஜெப்சன் மட்டும் மாறவில்லை. பகலில் லாட்ஜுகளில் மின்சார வேலை பார்ப்பவர். வேறு யாரும் அவரை வாசிக்கக் கூப்பிடவில்லை. அதை நாங்கள் விசுவாசம் என்று அழைத்தோம்.

நாங்கள் என்றால் ரசிகர்கள். எந்தக் காலத்து ஹேர்பின் உண்மையான ஹேர்பின் என்று வேலுசாமியின் டீக்கடையில் கூடித் தீர்ப்பு வழங்குபவர்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டத்தை வைத்து வேறெதுவும் செய்ய வழி தெரியாமல் இந்த ஆய்வில் இறங்கியிருந்தேன்.

“மொத பாட்டுக்காரர் போனப்பவே ஏர்பின்னு முடிஞ்சுதுங்க,” என்பார் வேலுசாமி.

“நீங்க அதையே சொல்லிட்டு இருங்க. இப்பப் பாடறவருதான் நொம்ப நல்லாப் பாடறாரு,” என்பாள் துணிக்கடையில் வேலை செய்யும் மோனிஷா.

“ஆரு வந்தாலும் போனாலும், ஜெப்சன் அண்ணன் இருக்கறவரைக்கும் அது ஏர்பின்னுதானுங்க,” என்பேன் நான். எல்லோரும் தலையாட்டுவார்கள். சொன்னது என் சொந்தக் கருத்துதானா, தலையாட்டலுக்காகச் சொன்னதா என்று வீட்டுக்குப் போகும் வழியில் யோசிப்பேன்.

இந்த ஆண்டு கோடை விழாவுக்கு முன்னால், குழுவை இப்போது நடத்தும் கிட்டார்க்காரன் பிரவீன், ஜெப்சனின் பகுதியை லேப்டாப்பே வாசித்துக்கொள்ளும் என்று முடிவு செய்தான். ஜெப்சனைக் ‘கௌரவ ஆலோசகர்’ ஆக்கினான். ஒருவரிடம் இனி எதுவும் கேட்கப்போவதில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

டீக்கடை கொந்தளித்தது. ஜெப்சனே வந்து நின்றார்.

“எனக்கு வாசிக்கோணும், அவ்வளவுதானுங்க. நீங்க நாலு பேர் வந்து சொன்னா பிரவீன் கேப்பான்.”

ஒத்திகை நடக்கும் கொட்டகைக்குப் போனோம். அவர்களுடைய பிரபலமான பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. என்றோ ஒரு கச்சேரியில் அந்த இடத்தை ஜெப்சன் மறந்துவிட, கூட்டத்திலிருந்து வேலுசாமி “ஏனுங்க!” என்று கத்தினார். அன்றிலிருந்து அங்கே ஊரே “ஏனுங்க!” என்று கத்தும். பிறகுதான் ஜெப்சன் தொடங்குவார். அன்றைய ஒத்திகையில் லேப்டாப்போ சரியான நேரத்தில் தொடங்கிவிட்டது.

“ஏனுங்க சொல்றதுக்கு எடமே இல்லியே கண்ணு?” என்றார் வேலுசாமி, பதறிப்போய்.

பிரவீன் எதையோ தட்டினான். “இப்பச் சொல்லிப் பாருங்கண்ணா.”

பாட்டு நின்றது. லேப்டாப் மறந்ததுபோல் காத்திருந்தது.

“ஏனுங்க!”

லேப்டாப் வாசித்தது.

“அப்படியே ஜெப்சன்தானுங்க!” என்று வேலுசாமி பூரித்தார். மோனிஷா கைதட்டினாள். என் கைகளும் தட்டின. ஆளைக் காப்பாற்றப் போன நாங்கள் அவருடைய தவற்றைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம். ஜெப்சன் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கும் தட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை, நாகலூர் சாலையில் ஒரு லாட்ஜின் வாசலில் பேனர் தொங்கியது: ‘ஒரிஜினல் ஹேர்பின்’. அண்ணன் தம்பி பிரிந்தால் அல்வாக் கடைக்கு வைக்கிற பெயர். மூவரும் உள்ளே போய்ப் பார்த்தோம். புல்தரையில் ஜெப்சன் மட்டும் கிட்டாரோடு நின்றார். பக்கத்து ஸ்டூலில் ஒரு லேப்டாப், டிரம்மும் மற்றதும் வாசித்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்கண்ணா, மத்தவங்க எங்க?” என்றேன்.

“இதுக்குள்ளதான் இருக்காங்க கண்ணு. இவங்க ஆரும் எனக்குப் பொன்னாடை போத்த மாட்டாங்க.”

“பாடறவரு இல்லாம இது என்னங்க…” என்று வேலுசாமி ஆரம்பித்தார்.

ஜெப்சன் ஒலியைக் கூட்டினார்.